ரக்பியிலிருந்து ரக்பிக்கு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் கம்பெனி பர்சனல் ஆபீசர் என் டேபிளுக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏனுங்க மேடம்... ஒரு பொம்பளப் புள்ளயச் சட்டை இல்லாம எப்படீங்க வெளிநாட்டுக்கு அனுப்பறது?"

குடித்துக்கொண்டிருந்த டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

குழப்பமாக இருக்கிறதா? இருக்கட்டும். சில மாதங்களாக நானும் அப்படித்தான் இருக்கிறேன். தனியாகக் குழம்புவதைவிட உங்களையும் சேர்த்துக்கொண்டு குழம்பலாம் என்றுதான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு - திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது, வெளிநாட்டு பையர் இங்கிலீஷில் திட்டுவதைத் தையல்காரர்களிடம் தமிழிலும், தையல்காரர்கள் தமிழில் திட்டுவதை பையரிடம் இங்கிலீஷிலும், கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொல்கிற வேலை. பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். இந்த ஊரில் என்னைவிட ரக்பி தெரிந்தவர்கள் இல்லை என்று ஒரு மிதப்பு எனக்கு இருந்தது.

ரக்பி என்றால் என்ன? திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கனமான காட்டன் துணி. குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. முழுக்கை. வெள்ளைக் காலர். பட்டன் மட்டும் ரப்பரில். ஏன் ரப்பர்? தெரியாது. பையர் கேட்கிறார், வைக்கிறோம். போலோ ஒரு சட்டை, ரக்பி ஒரு சட்டை. போலோ என்பது குதிரை மேல் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் என்று யாராவது சொன்னால், "அப்படீங்களா? காலர் என்ன கலருங்க?" என்று கேட்கிற ஊர் இது.

எல்லாக் குழப்பத்துக்கும் காரணமான அந்த ஃபேக்ஸ் வந்தது, சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவில் மந்தம், ஆர்டரே அரிதாக வருகிற காலம். வந்த ஆர்டரைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். லண்டன் பையருக்கு ரக்பி போய்க்கொண்டிருந்தது. பட்டன் பட்டி - அதுதான், கழுத்துக்குக் கீழே பட்டன் வரிசை வைத்துத் தைக்கிற அந்தத் துண்டு - சரியில்லை, இழுத்தால் பிரிகிறது என்று தினமும் ஒரு ஓலை வரும். அந்த ஓலைகளோடு ஓலையாக இதுவும் வந்தது.

தலைப்பில் 'விமன்ஸ் ரக்பி' என்று இருந்தது. எங்களிடம் அப்போது மென்ஸ் ரக்பி, விமன்ஸ் ரக்பி, கிட்ஸ் ரக்பி மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. கீழே, 'உங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் மிஸ் ஜெபசெல்வியை மூன்று வாரம் ரக்பிக்குத் தந்து உதவவும்' என்று இருந்தது. நேஷனல், கேம்ப், புனே என்று இன்னும் சில வார்த்தைகளும் இருந்தன. பார்த்தேன். படிக்கவில்லை. பார்ப்பதற்கும் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக புரொடக்ஷன் மேனேஜர் சென்னியப்பனிடம் போனேன். தலை நிறைய நரை, வாய் நிறைய கணக்கு... அத்தனை தையல் லைனும் அவர் விரல் நுனியில்.

"சார், நாலாவது லைன்ல இருக்கற ஜெபசெல்விய மூணு வாரத்துக்கு ரக்பிக்குக் கேக்கறாங்க."

"ஆரு, பையருங்களா?"

"அவங்க ஆளுகளாத்தான் இருக்கோணும்."

"புள்ளைக பேரெல்லாமா அவங்களுக்குத் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தப் பத்தியே இல்லை. "போன தடவ ஃபேக்டரி பாக்க வந்தப்பத் தையலப் பாத்திருப்பாங்க" என்று நானே ஒரு பதிலை உற்பத்தி செய்து கொடுத்தேன். அவர் ஃபேக்ஸின் மேலேயே எழுதினார்: 'ஓ.கே. ரக்பிக்கு மாற்றவும்.'

செய்தி ஜெபசெல்விக்குப் போனது. "உன்னைய ரக்பிக்குப் போட்டாச்சு" என்று சூப்பர்வைசர் சொன்னதும் அவள் குதித்தாளாம். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாளாம். ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாற்றியதற்கு யாராவது கும்பிடுவார்களா? அப்போதாவது எங்களுக்கு உறைத்ததா? உறைக்கவில்லை. எவ்வளவு தங்கமான பிள்ளை என்று மெச்சிக்கொண்டோம்.

திங்கள் முதல் அவள் ரக்பி லைனில் பட்டன் பட்டி தைத்தாள். செவ்வாய் மதியத்துக்குள் பட்டியில் பிரித்துத் தைக்கச் சொல்லி ஒரு ஆல்டரேஷன்கூட வரவில்லை. சென்னியப்பன் முகத்தில் சிரிப்பு வந்தது. அது எங்கள் கம்பெனியில் அபூர்வம்.

அன்று சாயந்திரம் ஜெபசெல்வி என் டேபிளுக்கு வந்தாள். இருபது வயது. சாத்தான்குளம் பக்கம். வேலம்பாளையத்தில் லைன் வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். அம்மா மரியபுஷ்பம் எங்கள் செக்கிங் செக்ஷனிலேயே வேலை பார்க்கிறார்.

"அக்கா, நாளைக்குச் சாயந்திரம் கோயமுத்தூர்ல ட்ரெயினு. என் லீவு லெட்டர்ல யாருட்ட கையெழுத்து வாங்கணும்?"

"லீவா? எதுக்கு?"

"ரக்பிக்குக்கா."

"ரக்பியிலதான இருக்கறே?"

"ஆமாக்கா. ரக்பிலதான் இருக்கேன். ரக்பிக்குப் போணும்."

அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரில் ஒருத்திக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

மெதுவாகச் சொன்னாள். ஊரில் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினவள். கோயமுத்தூரில் ஒரு பி.டி. மாஸ்டர், கபடி ஆடின பெண்கள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறாள்.

"கபடின்னுதாங்கா நெனச்சுப் போனேன். கையில பந்தக் குடுத்துட்டாங்க. அதும் உருண்டையா இல்ல, கத்திரிக்கா மாதிரி இருக்கு. அதைக் கட்டிப் பிடிச்சிட்டு ஓடணுமாம். மத்தவங்க நம்மளப் பிடிச்சுச் சாய்ப்பாங்களாம். சாயாம ஓடிட்டேன்."

"அப்புறம்?"

"ஜப்பான், சீனா, தாய்லாந்துலல்லாம் பொண்ணுங்க டீம் இருக்காம்க்கா. நம்ம நாட்டுல இப்பத்தான் கட்டுதாங்களாம். ஆளே இல்லையாம். அதான் கபடி ஆடினவ, ஓட்டம் ஓடினவன்னு தேடித் தேடிப் பிடிக்காங்க. கேம்ப்ல நல்லாப் பண்ணினா இந்தியாவுக்கு ஆடலாமாம்."

இந்தியாவுக்கு! எங்கள் நாலாவது லைன் டெய்லர்!

ஃபைலைத் தேடி அந்த ஃபேக்ஸை எடுத்தேன். இந்த முறை படித்தேன். அனுப்பியது பையர் இல்லை, ரக்பி சங்கம். எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. விளையாட்டு என்ற வார்த்தைகூட இரண்டு இடத்தில் இருந்தது. பதினெட்டு வருஷ அனுபவத்தில் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஓடினேன் சென்னியப்பனிடம். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரக்பிங்கறது வெளையாட்டுங்களா?"

"ஆமாங்க."

"சட்டை போட்டுட்டு வெளையாடறதா, சட்டையவே வெச்சு வெளையாடறதுங்களா?"

எனக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டரில் காட்டினால் புரியும் என்று ஒரு வீடியோவைப் போட்டேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். அத்தோடு நெட் நின்றுவிட்டது. குவியலாக அப்படியே கிடந்தார்கள். சென்னியப்பன் ஐந்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தார்.

"எந்திரிக்கவே மாட்டாங்களா மேடம்?"

பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக எழுந்தார். "இங்க பாருங்க. பட்டி இப்பத்தான் நின்னுருக்குது. வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட். ரக்பி முடியாம ரக்பிக்கு எப்படீங்க உடறது?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

சரி, ஜெபசெல்வியின் அம்மா வந்து சொன்னால் சென்னியப்பன் கேட்பார் என்று செக்கிங்குக்குப் போனேன். அங்கே எனக்கு இரண்டாவது அடி. மரியபுஷ்பம் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். "அம்மா, ரொம்ப நன்றிம்மா. பிள்ளையப் பூனாவுக்கு ரக்பி டிரெய்னிங்குக்கு அனுப்புதீங்க. சூப்பர்வைசராத்தான் வருவா, இல்ல?"

லைன் வீடு முழுக்கச் சொல்லி, எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தாகிவிட்டது.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருந்தேனா? ஒரு தப்பைத் திருத்த வந்த வேகத்தில், "டிரெய்னிங் இல்லீங்க புஷ்பம், வெளையாட்டு" என்று அத்தனை பேர் முன்னாலும் விளக்கமாகச் சொன்னேன். கட்டிப் பிடிப்பது, சாய்ப்பது, கத்திரிக்காய்ப் பந்து எல்லாம் சொன்னேன்.

அவர் முகம் போன போக்கை எப்படிச் சொல்ல? "சாய்ப்பாங்களா? கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளை... பல்லு கில்லு போச்சுன்னா யாரும்மா பதில் சொல்லுவா? டிரெய்னிங்னா போவட்டும். ஆட்டம்னா எங்கயும் போவாண்டாம்."

கதவு இரண்டு. இரண்டையும் நானே சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன்.

"அம்மாட்டப் பொய் சொன்னியா நீ?" என்று ஜெபசெல்வியிடம் கேட்டேன்.

"இல்லக்கா. ரக்பிக்குப் போறேன்னுதான் சொன்னேன். அவளாத்தான் நெனச்சிக்கிட்டா. ஆட்டம்னு சொன்னா விடமாட்டான்னு நானும் சும்மா இருந்துட்டேன்." கண்ணில் தண்ணீர் நின்றது. விழவில்லை. என்மேல் அவள் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் புதன். மதியம் வரை அவள் தலை நிமிராமல் தைத்தாள். சாயந்திரம் ட்ரெயின். அவளுக்காகப் பேச ஆள் இல்லை. இரண்டு மணிக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. மெஷின்கள் அடங்கின. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கப் பத்து நிமிஷமாவது ஆகும். பேக்கிங் ஹாலில் எல்லோரும் விசிறிக்கொண்டு நின்றார்கள். சென்னியப்பன் ஹாலின் கடைசியில் அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஜெபசெல்வி எழுந்து வந்தாள். வேஸ்ட் துணியை ஒரு கை அள்ளி, சுருட்டி, பேக்கிங் டேப்பால் இறுக்கிச் சுற்றினாள். கத்திரிக்காய் வடிவம் வந்துவிட்டது.

"சார், அது என்ன ஆட்டம்னு கேட்டீங்கள்லா? காட்டுதேன். செக்கிங் அக்காமாருக நாலு பேரு என்னைப் பிடிக்கணும். நான் உங்ககிட்ட வந்து சேந்துட்டா, ஒரு விஷயம் சொல்லுவேன். கேக்கணும்."

கரண்ட் இல்லாத நேரம். வேடிக்கைக்கு யார் வேண்டாம் என்பார்கள்? நாலு பேர் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

ஓடினாள். முதல் ஆளிடம் போவதுபோல் போய் விலகினாள். இரண்டாவது ஆள் கையில் காற்றுதான் அகப்பட்டது. "பிடிங்கட்டி! விடாதீங்கட்டி!" என்று ஒரு குரல் ஹாலையே கிழித்தது. மரியபுஷ்பம்! மேஜை மேலேயே ஏறிவிட்டார். மூன்றாவது ஆள், எங்கள் செக்கிங்கிலேயே கனமான அம்மாள், பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார். ஜெபசெல்வி நிற்கவில்லை. அந்த அம்மாளையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. நாலாவது ஆளும் வந்து தோளைப் பிடித்தார். முழங்கால் மடிந்தது.

"ஓடுட்டி!"

அதே குரல். "ஓடுட்டி ஜெபா! விழுந்துராத! ஓடுட்டி!"

எந்த நிமிஷத்தில் மரியபுஷ்பம் கட்சி மாறினார் என்று அவருக்கே தெரியாது. பிற்பாடு கேட்டேன். "நான் அப்பிடியா சொன்னேன்?" என்றார்.

பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டே போய், சென்னியப்பன் காலடியில் துணிப் பந்தை வைத்துவிட்டு ஜெபசெல்வி மூச்சு வாங்கினாள். முழங்கையில் சிராய்ப்பு. ஹால் விசிலடித்தது. நான் அழுதேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

சென்னியப்பன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தியே ஓடறதுக்கு டீம்ல மத்தவங்க எதுக்குக் கண்ணு?"

"மாட்டிக்கிட்டா பந்தப் பக்கத்து ஆளுக்குக் குடுக்கலாம் சார். ஆனா முன்னால போடக் கூடாது. பின்னால வாரவங்களுக்குத்தான் குடுக்கணும்."

"பின்னால குடுத்தா எப்பிடி முன்னால போறது?"

"அவங்க கொண்டுபோவாங்க சார்."

அவர் அதை விளங்கிக்கொள்ளப் படாதபாடு பட்டார். நானும்தான். இன்றைக்கும் அந்த விதி எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

"செரி, என்னமோ சொல்றேன்னியே?"

"திங்கக்கிழமையில இருந்து எனக்குப் பின்னால இருக்க கனகாக்காவுக்குப் பட்டி சொல்லிக் குடுத்துருக்கேன் சார். புதன்கிழமை போயிருவேன்னு தெரியும்லா? காலையிலேர்ந்து வந்த பட்டில பாதி அவங்க தச்சது. பாருங்க."

சென்னியப்பன் செக்கிங் மேஜைக்குப் போனார். கனகா, இரண்டு பிள்ளைகளின் அம்மா, பயத்தில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார். சென்னியப்பன் ஒரு ரக்பியை எடுத்தார். பட்டியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பிரியவில்லை. இன்னொன்று. பிரியவில்லை.

"ட்ரெயின் எத்தன மணிக்கு?"

"ஆறேகாலுக்கு சார்."

"வேன எடுக்கச் சொல்லுங்க மேடம்" என்றார் என்னிடம். பிறகு அவளிடம், "போயிட்டு வா கண்ணு. பல்லு பத்திரம்."

மகளை ட்ரெயின் ஏற்றிவிட மரியபுஷ்பமும் கிளம்பினார். என்னை முறைத்துவிட்டுத்தான் வேனில் ஏறினார். எனக்கு அது வேண்டியதுதான்.

மூன்று வாரம் கழித்து வந்தாள். கறுத்திருந்தாள். கட்டைவிரல் நகம் ஒன்று போயிருந்தது. பல் முழுசாக இருந்தது. மரியபுஷ்பம் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தாராம். என்னிடம் வந்து அவள் சொன்ன முதல் வார்த்தை -

"அக்கா, அங்க யாருமே ரக்பி போடலக்கா."

"என்னடி சொல்றே?"

"ஒடம்போட ஒட்டின பாலியெஸ்டர் பனியன்தான். காலரும் கெடையாது, பட்டனும் கெடையாது. பிடிக்கத் துணி ஆப்புடக் கூடாதாம். முன்ன காலத்துலதான் நாம தைக்கிற மாதிரி போட்டாங்களாம். விழுந்தாக் குத்தக் கூடாதுன்னுதான் ரப்பர் பட்டனாம். அப்ப நாம இத்தனையும் யாருக்குக்கா தைக்கோம்?"

எனக்கும் அதே சந்தேகம். அடுத்த வாரம் லண்டன் பையர் வந்தார். ஆறடி உயரம், கதவளவு தோள். இவராவது ஆடியிருப்பார் என்று கேட்டேன். "நானா? ரக்பியா? ஐயோ... நான் செஸ் ஆடுவேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறவர்கள்தான் அந்தச் சட்டையைப் போடுவார்களாம். ஆக, வாங்குகிறவர் ஆடியதில்லை. விற்கிறவர் ஆடியதில்லை. தைக்கிறவள் ஒருத்திதான் ஆடியிருக்கிறாள். அவளும் அதைப் போட்டு ஆடவில்லை. இதை எங்கே போய்ச் சொல்ல?

பிறகு ரக்பி சங்கத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு முறை படித்தேன். ஆசிய நாட்டுப் பெண்கள் அணிகள் ஆடுகிற போட்டி. வெளிநாட்டில். நம் அணியில் பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி ஜெபசெல்வி.

சென்னியப்பனிடம் கொடுத்தேன். "சார், இது அந்த ரக்பி. ஆட்டம். சட்டை இல்லீங்க."

"தெரியுமுங்க மேடம். ஒருக்கா ஏமாந்தாப் போதாதுங்களா?" என்று சொல்லி, மறுபடி தப்பு நடக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதினார்: 'ஜெபசெல்வியை ரக்பிக்கு அனுப்பவும். சட்டை இல்லை.'

'சட்டை அல்ல' என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பேச்சில் 'அல்ல' எங்கே இருக்கிறது? எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்லை'தான். பேப்பர் பர்சனல் ஆபீசருக்குப் போனது. போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர், பழைய கதை எதுவும் தெரியாது. அதனால்தான் என் டேபிளுக்கு வந்து குனிந்தார்.

அரைமணி நேரம் உட்கார வைத்து விளக்கினேன். ரக்பி சட்டை, ரக்பி ஆட்டம், ஆட்டத்தில் போடாத சட்டை, முன்னால் போகப் பின்னால் கொடுக்கிற பந்து, எல்லாம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "நல்லாப் புரிஞ்சுதுங்க மேடம்" என்று எழுந்து போனார்.

நேராகப் போனது சாம்பிள் ரூமுக்கு. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட விமன்ஸ் ரக்பி ஒன்றை எடுத்து, 'வெளிநாடு செல்லும் பணியாளருக்குச் சட்டை - ஒன்று' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜெபசெல்வியிடம் கொடுத்துவிட்டார். மரியபுஷ்பம் அதை வாங்கி, பட்டியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மகள் பெட்டியில் வைத்தாராம்.

நேற்று பி.டி. மாஸ்டர் ஈமெயிலில் ஒரு ஃபோட்டோ அனுப்பியிருந்தார். ஏர்போர்ட் வாசலில் பன்னிரண்டு பெண்கள், நீல டிராக் சூட்டில், கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டு வரிசையாக நிற்கிறார்கள். இல்லை, அப்படி நிற்பது பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் ஜிப்பை முழுசாகத் திறந்துவிட்டு, உள்ளே சிவப்பு வெள்ளைக் கோடு தெரிய, பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கிறாள்.

இந்திய ரக்பி அணியில் ரக்பி போட்டிருப்பவள் அவள் ஒருத்திதான்!